காண்புதிறன் 5 கிலோமீட்டர் என்றால் காற்றில் எவ்வளவு தூசி?

காண்புதிறன் என்றால் எவ்வளவு தூரம் வரை பொருட்கள் கண்ணுக்குத் தெரிகின்றன என்பது. வானிலைப் பதிவு வேலையில் இருப்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்களுக்கு ஒரே ஒரு எண் போதும். பல வருடங்களாக இந்தக் கணக்கைப் போட்டுவரும் எனக்கு அந்த ஒற்றை எண்ணைக் கொடுக்க மனம் வருவதில்லை. "இதற்கும் இதற்கும் நடுவில்" என்று இரண்டு எண்களாகத்தான் சொல்வேன். சில நேரம் அந்த இரண்டுக்கும் இடையே ஆறு மடங்கு வித்தியாசம்கூட இருக்கும். மழுப்புகிறேன் என்று நினைப்பார்கள். ஆனால் காற்று தரும் உண்மையான விடையே அதுதான்.

கணக்கின் முதல் பாதி எளிது. தொலைவில் இருக்கும் பொருள் எவ்வளவு தூரம் வரை தெரியும் என்பதையும், வழியில் ஒளி எவ்வளவு இழக்கப்படுகிறது என்பதையும் ஜெர்மன் வானிலையியலாளர் கோஷ்மீடர் 1924-இல் ஒரு சூத்திரத்தில் இணைத்துவிட்டார். பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு 5 சதவீதமாகக் குறையும் இடமே பார்வையின் எல்லை என்று கருவிகள் பின்பற்றும் வரம்பை எடுத்துக்கொண்டால், 3-ஐக் காண்புதிறனால் வகுத்தால் போதும். 5 கிலோமீட்டர் தெரிகிறது என்றால் ஒளி இழப்பு கிலோமீட்டருக்கு 0.6. இதுவரை பெரிய தகராறு இல்லை.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. அந்த 0.6-ஐ உண்டாக்க எத்தனை மைக்ரோகிராம் துகள் வேண்டும்? அது துகளின் அளவைப் பொறுத்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்கு நெருக்கமான அளவில் இருக்கும் புகைத் துகள்கள், தங்கள் எடைக்கு மிக அதிகமாக ஒளியைச் சிதறடிக்கும். ஒரு கிராம் நுண்புகை சுமார் 4 சதுர மீட்டர் ஒளியை மறிக்கும். ஒரு கிராம் பருமனான புழுதி மறிப்பது சுமார் 0.6 சதுர மீட்டர்தான். 10 மைக்ரான் மண் துகள் ஒன்றின் கன அளவில் அரை மைக்ரான் துகள்கள் 8000 அடங்கும் என்று யோசித்துப் பார்த்தால் இது புரியும். ஆக, அதே 5 கிலோமீட்டர் காண்புதிறன் முழுக்கப் புகையால் வந்தது என்றால் கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம். முழுக்கப் புழுதியால் வந்தது என்றால் 1000. ஜன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே மங்கல்தான்.

ஏறக்குறைய என்று சொல்லக் காரணம், பழகிய கண்ணுக்கு நிறம் காட்டிக்கொடுத்துவிடும். வறண்ட நுண்மங்கலில் தூரத்துக் கருத்த பொருட்கள் மேல் நீலப் படலம் படிந்ததுபோல இருக்கும். வெளிச்சமான பொருட்கள் மஞ்சளாகத் தெரியும். புழுதி என்றால் வானமே பழுப்பாகிவிடும், பெரும்பாலும் காற்றும் பலமாக வீசிக்கொண்டிருக்கும். இப்போது நிறைய நிலையங்களில் கருவி மட்டுமே பதிவு செய்கிறது. தூரத்தை அது தவறாமல் சொல்கிறது, நிறத்தைச் சொல்வதில்லை. இதை நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம், எண்ணோடு சேர்த்து வானத்தின் நிறத்தையும் காற்றின் திசையையும் ஒரு வரி எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நிறம் கிடைக்காதபோது கைகொடுப்பது காற்றுத் தர நிலையத்தின் இரண்டு அளவுகள்: பிஎம் 2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான துகள்களின் எடை), பிஎம் 10 (10 மைக்ரான் வரையிலான துகள்களின் எடை). முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பார்ப்பேன். விடை 0.6-க்கு மேல் என்றால் புகை சார்ந்த மங்கல், 0.3-க்குக் கீழே என்றால் புழுதி. நடுவில் விழுந்தால் கலவை. இந்த வகுத்தல் ஒன்றுதான் என் இரண்டு எண்களையும் பாதியளவுக்காவது நெருங்கி வரவைக்கிறது.

அப்புறம் ஈரப்பதம். சல்பேட், நைட்ரேட் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதும். ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும்போது அதே துகள்கள் உலர்ந்த நிலையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு ஒளியைச் சிதறடிப்பது சாதாரணம். அதிகாலையில் காண்புதிறன் சரிந்து, வெயில் ஏறியதும் சீராகிறதே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். புழுதி அவ்வளவாக ஊதாது. 80 சதவீதத்துக்கு மேல் போனால் காண்புதிறனிலிருந்து துகள் கணக்கு போடுவதையே நான் தள்ளிவைத்துவிடுவேன்.

காற்றுத் தரக் கருவிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பீட்டா கதிர் முறையில் அளக்கும் கருவி ஒரு மணி நேரச் சராசரியைத் தருகிறது. புழுதி முகப்போ இருபது நிமிடத்தில் கடந்துபோய்விடும். காண்புதிறன் அந்த நிமிடத்து உண்மை, மற்றது மணிக்கணக்கில் கரைத்த உண்மை. விலை குறைந்த லேசர் உணரிகள் நுண்புகையை ஓரளவு நன்றாகவே பிடிக்கும். பருமனான புழுதியில் பெரும்பகுதியைத் தவறவிடும், அதனால் புழுதிப் புயல் அன்றைக்கு அவற்றின் பிஎம் 10 அளவைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

தயாராக இருக்கும் சூத்திரங்களை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். சஹாராப் புழுதிக்கு 1986-இல் ஆய்வாளர் டி'அல்மெய்டா தந்த சூத்திரத்தில் 1 கிலோமீட்டர் காண்புதிறனைப் போட்டால் சுமார் 930 மைக்ரோகிராம் வரும். வடகிழக்கு ஆசியப் புழுதிப் புயல்களுக்கு 2003-இல் ஷாவோ குழுவினர் தந்ததில் அதே தூரத்துக்குச் சுமார் 3800. இரண்டும் அந்தந்த மண்ணுக்கும், புழுதி எவ்வளவு தூரம் பயணித்து வந்தது என்பதற்கும் பொருந்தியவை. வேறோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது முதலில் அங்கே அளந்து பார்க்க வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது புழுதிப் புயல் இல்லை. விமான நிலைய அறிக்கைகளில் 9999 என்று ஓர் எண் வரும். 10 கிலோமீட்டரோ அதற்கு மேலோ தெரிகிறது என்று பொருள். விமானிக்கு அது போதும். ஆனால் 10 கிலோமீட்டரில் நுண்புகைக்கான கணக்கைப் போட்டால் கன மீட்டருக்கு 75 மைக்ரோகிராம் வருகிறது. பிஎம் 2.5-க்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த 24 மணி நேர அளவு 15. அதாவது ஐந்து மடங்கு மாசுள்ள காற்றும், 100 கிலோமீட்டர் தெரிகிற சுத்தமான காற்றும் அறிக்கையில் ஒரே எண்ணாகப் பதிவாகின்றன. அதனால் குழந்தைகளை வெளியே விளையாட விடலாமா என்று யாராவது கேட்டால், காண்புதிறன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிஎம் 2.5 அளவைப் பார்க்காமல் நான் சரி என்று சொல்வதில்லை.