அறுபதைத் தொட்டால் ‘ஊங்’

ஜனவரி 4, 2024
வண்டி அறுபது கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ‘ஊங்’ என்று ஒரு சத்தம். எழுபதில் கனக்கிறது. நாற்பதுக்குக் கீழே சத்தமே இல்லை.

ஜனவரி 5
முதலில் இன்ஜினைக் கழிக்க வேண்டும். வெளிவட்டச் சாலையில் எழுபதில் நியூட்ரல் போட்டு உருளவிட்டேன். ஆர்பிஎம் ஐட்லிங்குக்கு இறங்கியும் ‘ஊங்’ அப்படியே. இன்ஜின், கிளட்ச், டர்போ எதுவும் இல்லை. மிச்சம் டயர், வீல் பேரிங், சுழற்சியைப் பின்னுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதைப் பின் ஆக்சிலுக்குத் திருப்பும் கிரவுன் கியர்.

கிரவுனோ அதைச் சுற்றும் சின்ன கியரான பினியனோ தேய்ந்திருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு குரல், விட்டால் வேறு குரல் வரும். பல்லின் எதிர்ப்பக்கம் அழுந்துவதால் அப்படி. இங்கே மிதித்தாலும் விட்டாலும் ஒரே குரல். கிரவுன் மேல் சந்தேகம் பாதி போயிற்று. பாதிதான்.

ஜனவரி 6
தூக்கம் பிடிக்கவில்லை, கணக்குப் போட்டேன். டயர் 215/75 ஆர்15, சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். அறுபதில் சக்கரம் நொடிக்கு ஏழரைச் சுற்று. கிரவுனில் 41 பல், பினியனில் 10. அப்படியானால் ஷாஃப்ட் நொடிக்கு 31 சுற்று. பல்லோடு பல் சேரும் சத்தம் 310 ஹெர்ட்ஸ் பக்கம் கூர்மையாக நிற்க வேண்டும். சத்தத்தை ஹெர்ட்ஸ் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தைப் போனில் பார்த்தேன். 310-ல் ஒன்றுமே இல்லை. நூறை ஒட்டி அகலமாகப் பரந்து கிடக்கிறது. ஷாஃப்ட் பேலன்ஸ் போயிருந்தால் 31 ஹெர்ட்ஸில் தரையும் சீட்டும் அதிரும். அதிர்வும் இல்லை.

19-ம் தேதி வேலூர் போக வேண்டும். அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

ஜனவரி 7
டயர். டிரெட் மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவி, பிறகு எதிர்த்திசையில் தடவ வேண்டும். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பம் மாதிரி கீறினால் டயர் ரம்பப் பல்லாகத் தேய்ந்திருக்கிறது. அதுவும் பேரிங் போலவே ஊளையிடும். அலைன்மென்ட் அல்லது ஷாக் அப்சார்பரில் கோளாறு என்று அர்த்தம். நான்கிலும் கீறல் இல்லை. இருந்தும் முன்டயரைப் பின்னுக்கும் பின்டயரை முன்னுக்கும் மாற்றி, காற்றைச் சரிபார்த்து ஓட்டினேன். சத்தத்தில் மாற்றமில்லை. வழவழப்பான புதுத் தாரிலும் குறையவில்லை. டயர் என்றால் சாலைக்குச் சாலை குரல் மாறியிருக்கும்.

ஜனவரி 8
மழை. ஈரச் சாலையில் எதுவும் கேட்காது.

ஜனவரி 9
விடியற்காலை, ஆளில்லாத சாலை, வேகம் 60. ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் வளைத்தேன். இடது பக்கம் வளைக்கும்போது சத்தம் ஏறுகிறது, வலது பக்கம் வளைத்தால் அமுங்குகிறது. இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் விழும். ஆகவே வலது. முன்னா பின்னா என்பது இதில் தெரியாது. காதை நம்பவே கூடாது. பின் ஆக்சிலில் பிறந்த சத்தம் சேஸிஸ் வழியாக வந்து டேஷ்போர்டுக்கு அடியில் கேட்கும்.

ஜனவரி 10
முன் வலது: ஜாக்கி போட்டு மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் இல்லை. கையால் சுற்றினால் பட்டுப்போல் சுழல்கிறது.

பின்பக்கம் தூக்குமுன் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஹேண்ட்பிரேக் பின் டிரம்மில்தான் பிடிக்கிறது. சக்கரம் சுற்ற அதை எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் வண்டியைப் பிடிக்க வேறெதுவும் இல்லை. ஜாக்கியை நம்பாமல் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட். இன்ஜின் ஆஃப், நியூட்ரல். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி இன்ஜினால் ஓட்டுவது ஆபத்து, அந்தச் சக்கரம் மீட்டர் காட்டுவதைப்போல் இரண்டு மடங்கு சுற்றும்.

நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஆக்சில் குழாயின் வலது கடைசியில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்தேன். மணலை அரைப்பதுபோல் கரகரப்பு. ஆக்சிலின் நடுவில் கிரவுன் இருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டியின் மேல் வைத்தால் மங்கல். இடது கடைசியில் இல்லவே இல்லை.

டிசம்பர் வெள்ளத்தில் வண்டி சக்கர மையம் (ஹப்) மூழ்க நின்றது. அந்தத் தண்ணீர்தான் பின் வலது வீல் பேரிங்கைக் கெடுத்திருக்கிறது.

ஜனவரி 11
கிரவுன் ஆயிலிலும் தண்ணீர் போயிற்றா என்று பார்க்க வேண்டும். ஊற்றும் திருகைத்தான் முதலில் திறக்க வேண்டும். அது திறக்காமல் அடியில் வடித்துவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வந்தது பழுப்பு, பால் நிறம் இல்லை. தண்ணீர் போகவில்லை. காந்தத் திருகில் சாம்பல் பசை மட்டும், அது வழக்கமானது. செதில் இருந்தால் கவலை. 80W-90 ஜிஎல்-5 கியர் ஆயில் புதிதாக ஊற்றினேன், துளையின் விளிம்பு வரை.

ஜனவரி 12
சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பேரிங், ஆயில் சீல், பேரிங்கை ஷாஃப்ட்டில் இறுக்கிப் பிடிக்கும் வளையமான ரீடெய்னர் காலர் மூன்றும் வாங்கினேன். பழைய காலரைத் திரும்பப் போடக்கூடாது. பிடிப்பு போயிருக்கும், ஓடும்போது ஆக்சிலே வெளியே வரலாம்.

ஜனவரி 13
ஆக்சில் ஷாஃப்ட்டை இழுத்தாயிற்று. காலரை கிரைண்டரால் முக்கால் ஆழம் வெட்டி, உளி வைத்து ஒரே தட்டு. ஷாஃப்ட்டில் கீறல் விழவில்லை, அங்கேதான் என் கண் இருந்தது. புது பேரிங்கை பிரஸ்ஸில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். வெளிவளையத்தில் அழுத்தினால் பாரம் குண்டுகள் வழியாகப் போய் அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். புது பேரிங்கே ஊங் என்னும்.

பழைய பேரிங்கின் மூடியைக் கிளப்பினேன். கிரீஸ் காபிப்பொடி நிறம். பாதையில் துருப்புள்ளிகள், குண்டுக்குக் குண்டு என்ன இடைவெளியோ அதே இடைவெளியில். தண்ணீரில் அசையாமல் நின்றபோது குண்டுகள் தொட்ட இடங்கள்.

இரவு: எழுபது, எண்பது. சத்தம் இல்லை! நிறுத்தி டிரம்மைத் தொட்டேன், இரண்டு பக்கமும் ஒரே சூடு.

ஜனவரி 14
இடதும் அதே தண்ணீரில்தான் நின்றது. இன்று கரகரப்பு இல்லை என்பதற்காக விட முடியாது. பேரிங் செட் வாங்கி வைத்தாயிற்று. பொங்கல் முடிந்து ஒர்க்‌ஷாப் வியாழக்கிழமை திறக்கிறது. மறுநாள் வேலூர்.