பெயர்ப்பலகையில் 95, கால் லோடில் எவ்வளவு?

காற்றாலை ஜெனரேட்டரின் பெயர்ப்பலகையில் செயல்திறன் 95 சதவீதம் என்று இருந்தால், அது முழு லோடுக்கான, அதாவது எந்திரம் தன் முழுத் திறனில் மின்சாரம் தரும்போதான கணக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று வேகம் பிடிக்கும்போது அந்த லோடு கிடைக்கும். காற்று தணிந்த நாட்களில், 250 கிலோவாட் எந்திரம் என்றால், மணிக்கணக்கில் 60 கிலோவாட்டோ 25 கிலோவாட்டோ கொடுத்துக்கொண்டு சுற்றும். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள திறன் எட்டில் ஒன்றாகிவிடுகிறதே! ஆகவே குறைந்த லோடில் என்ன போகிறது என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு மாதிரிக் கணக்கு. 250 கிலோவாட் இண்டக்ஷன் ஜெனரேட்டரில் (தன் காந்தப்புலத்துக்கு கிரிட்டிலிருந்து, அதாவது மின்வாரிய மின்தொடரிலிருந்து மின்னோட்டம் எடுக்கும் வகை) முழு லோடு இழப்பு 13 கிலோவாட் என்று வைப்போம். அதில் 5 கிலோவாட் இரும்பு இழப்பும் (காந்தப்புலம் மாறுவதால் இரும்பு மையம் சூடாவது) உராய்வும் விசிறியும். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது போய்க்கொண்டே இருக்கும். மீதி 8, வைண்டிங் (செம்புக் கம்பிச் சுருள்) சூடாவதால். லோடு கால்வாசியானால் வைண்டிங் இழப்பு பதினாறில் ஒன்றாகும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. காந்தப்புலத்தை உண்டாக்கும் மின்னோட்டம் குறைவதே இல்லை. அதையும் சேர்த்தால் வைண்டிங் இழப்பு ஏறக்குறைய 1.5 கிலோவாட், மொத்தம் 6.5. செயல்திறன் 90 சதவீதத்தை ஒட்டி வரும். 25 கிலோவாட்டில் அது 80தான்.

இதற்காகத்தான் பழைய எந்திரங்கள் பலவற்றில் இரண்டு வைண்டிங் வைத்தார்கள்: குறைந்த காற்றுக்கு 6 துருவம் (1000 சுற்று), நல்ல காற்றுக்கு 4 துருவம் (1500 சுற்று). 6 துருவமுள்ள சின்ன வைண்டிங்குக்குக் காந்த மின்னோட்டம் குறைவு. இறக்கையும் மெதுவாகச் சுற்றுவதால் குறைந்த காற்றை நன்றாகப் பிடிக்கிறது. சின்னதிலிருந்து பெரியதுக்கும் பெரியதிலிருந்து சின்னதுக்கும் மாற்றும் அளவுகளை ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக வைத்தால் எந்திரம் இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்) முனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும்.

ஜெனரேட்டரை கிரிட்டில் மெதுவாக இணைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டரையும் பாருங்கள். இணைந்ததும், அதைச் சுற்றி மின்னோட்டத்தை நேராக அனுப்பும் பைபாஸ் கான்டாக்டர் மூட வேண்டும். மூடாவிட்டால் 415 வோல்ட்டில் வரும் 395 ஆம்பியர் முழுதும் ஸ்டார்ட்டரிலுள்ள தைரிஸ்டர் (மின்னணு சுவிட்ச்) வழியே ஓடி, 1 கிலோவாட்டுக்கு மேல் வெப்பமாகப் போகும். ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) அதைத் தொடர்ந்து தாங்கும்படி செய்யப்பட்டதல்ல; தைரிஸ்டர்தான் முதலில் போகும்.

கெப்பாசிட்டர் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. பேனலில் கெப்பாசிட்டர் போட்டால் ஜெனரேட்டர் சூடு குறையாது. ஸ்டேட்டர் (ஜெனரேட்டரின் சுழலாத பகுதி) மின்னோட்டம் அப்படியேதான் இருக்கும். பேனலுக்கு அப்பாலுள்ள கேபிளிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் மட்டும் குறையும். ரியாக்டிவ் பவருக்கான (காந்தப்புலத்துக்காக கிரிட்டிலிருந்து எடுக்கும் திறன்; அலகு கிலோவார்) மின்வாரியக் கட்டணம் குறைவது நிஜமான லாபம். அதற்காக லோடில்லாத காந்தத் தேவைக்கு மேல் (இந்த அளவு எந்திரத்துக்குச் சுமார் 100 கிலோவார்) சேர்க்காதீர்கள். கிரிட் திடீரென்று போனால் ஜெனரேட்டர் தானே தூண்டப்பட்டு வோல்டேஜ் எகிறும்.

வைண்டிங் ஒவ்வொரு 10 டிகிரி சூடாகும்போதும் செம்பின் மின்தடை சுமார் 4 சதவீதம் ஏறும். உடலின் குளிர்விப்பு மடிப்புகளில் செம்மண் தூசி அப்பியிருந்தால் அந்த நஷ்டம் சீசன் முழுக்க நீடிக்கும். மைக்ரோ ஓம் மீட்டரில் வைண்டிங்கின் மூன்று ஜோடி முனைகளின் மின்தடையையும் அளந்து பாருங்கள். 2, 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலில் லக்கை (கேபிள் நுனியிலுள்ள இணைப்பு வளையம்) இறுக்கிவிட்டு மறுபடி அளக்கவும்.

பேரிங்கில் கிரீஸை அள்ளித் திணிப்பது பெரிய கேடு. பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, 0.005 ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். 6318 எண் பேரிங்குக்கு வெளிவிட்டம் 190, அகலம் 43. அதாவது 41 கிராம். கூடினால் பேரிங் சூடாகும், மிச்சம் வைண்டிங்குக்குள் போகும்.

வடகிழக்குப் பருவமழையில் நாள்கணக்கில் நின்ற எந்திரத்தை நேராக ஓட்டிவிடாதீர்கள். 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி) வைண்டிங்கின் இன்சுலேஷனைப் பாருங்கள். 40 டிகிரிக்குத் திருத்திய அளவு 5 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் ஹீட்டர் போட்டு ஈரத்தை வற்றவைத்து, மறுபடி அளந்த பிறகே கிரிட்டில் இணைக்கவும்.