முப்பத்தைந்து டாலர் பலகைக்கு ஐந்தரை மாதம்

2012 பிப்ரவரி 29, புதன்கிழமை. குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கம் நான் வேலை பார்த்த மேல்நிலைப் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில் காலை 11.20-க்கே போய் உட்கார்ந்துவிட்டேன். இங்கிலாந்து நேரம் காலை 6 மணிக்கு, நமக்கு 11.30-க்கு, பெரிய அறிவிப்பு ஒன்று வரும் என்று ராஸ்பெரி பை அமைப்பு சொல்லியிருந்தது. என்ன அறிவிப்பு என்பது மாதக்கணக்கில் காத்திருந்த எல்லோருக்கும் தெரியும். விற்பனை தொடங்கப் போகிறது. எங்கள் பகுதியில் அந்த வாரம் 12 மணிக்குக் கரண்ட் போகும். ஆக, எனக்குக் கிடைத்தது அரை மணி நேரம்.

ராஸ்பெரி பை என்பது ஏடிஎம் கார்டு அளவில் ஒரு பச்சைப் பலகை, அதற்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டர். 700 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி ரேம், ஹார்ட் டிஸ்க் கிடையாது, எஸ்டி கார்டுதான். மேல்மூடி கூட இல்லாமல் வெறும் பலகையாகத்தான் தருவார்கள். விலை 35 டாலர். அன்று டாலர் 49 ரூபாய் பக்கம், அப்படியென்றால் 1,700 சொச்சம்.

எனக்கு எதற்கு அது? அரசு அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளைகளுக்கு மிகப் பெரிய வரம் அது. ஆனால் அதைத் திறந்து பார்க்க யாருக்கும் மனசு வராது. வீட்டில் அதற்குத் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். லேபில் இருக்கிற கம்ப்யூட்டரையும் பிரித்துப் போட முடியாது, ஆடிட் வந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். தப்பாகத் தொட்டாலும் பெரிய நஷ்டம் வராத, கெட்டுப்போனால் கார்டை அழித்துவிட்டு மறுபடி தொடங்கக்கூடிய ஒரு கம்ப்யூட்டர் என் மாணவர்கள் கைக்கு வர வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. அதைச் செய்தவர்களின் நோக்கமும் அதுதான். கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகள் குறைந்துபோனதைப் பார்த்துத்தான் எபன் அப்டனும் நண்பர்களும் இதைத் தொடங்கினார்கள்.

11.30 ஆனது. அமைப்பின் தளத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரேயொரு எளிய பக்கத்தை வைத்திருந்தார்கள். உரிமம் பெற்ற இரண்டு விநியோக நிறுவனங்களுக்கு இரண்டு லிங்க். முதல் லிங்கை அழுத்தினேன், வெள்ளைத் திரை. இரண்டாவதும் அப்படியே. எங்கள் பிராட்பேண்ட்தான் காலை வாரிவிட்டது என்று நினைத்து மோடத்தை அணைத்துப் போட்டேன், அதில் நான்கு நிமிடம் போனது. கோளாறு கருங்கலில் இல்லை, உலகம் முழுக்க அதே கதை என்று பிறகுதான் தெரிந்தது. 11.52-க்கு ஒரு தளம் திறந்தது. வாங்கும் பொத்தான் இல்லை. பெயர், மின்னஞ்சல், நாடு கொடுத்து "விருப்பம் பதிவு" செய்யலாம், முறை வரும்போது தெரிவிப்போம் என்று இருந்தது. பதிந்தேன். பதிந்துவிட்டோம் என்ற வரியைப் படித்து முடிக்கும்போது ஃபேன் நின்றது.

இரவு கரண்ட் வந்ததும் இரண்டாவது நிறுவனத்திலும் பெயரைப் பதிந்து வைத்தேன். ஒன்றில்லாவிட்டால் ஒன்றில் கிடைக்குமே என்ற எண்ணம். அப்போது அதில் தப்பே தெரியவில்லை.

பிறகு செய்திகள் ஒவ்வொன்றாக வந்தன. சீனாவில் செய்யக் கொடுத்த முதல் தொகுதி 10,000 பலகை. முதல் நாளே கேட்டவர்கள் ஒரு லட்சம் பேர் அளவுக்கு. ஒருவருக்கு ஒன்றுதான் என்ற விதியை முன்பே வைத்திருந்தார்கள். ராஸ்பெரி பை அமைப்பு லாபத்துக்காக நடக்கும் நிறுவனம் இல்லை, அறக்கட்டளை. அறங்காவலர்கள் தங்கள் கையிலிருந்து கடனாகப் போட்ட பணத்தில் உதிரிபாகம் வாங்கியவர்கள். ஆரம்பத்தில் அவர்கள் மனக்கணக்கு ஆயிரம் பலகைதான். ஜனவரியில் சோதனைப் பலகை பத்தை ஏலம் விட்டபோது 16,000 பவுண்டுக்கு மேல் வந்தபோதே ஆர்வம் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தெரிந்தாலும் ஒரு லட்சம் பலகைக்கு முன்பணம் போட அவர்களிடம் எங்கே இருந்தது? அதனால்தான் கடைசி நேரத்தில் முறையை மாற்றி, விநியோக நிறுவனங்களே உரிமம் பெற்றுத் தங்கள் முதலீட்டில் செய்து விற்கட்டும் என்று விட்டார்கள். வேண்டுமென்றே தட்டுப்பாடு உண்டாக்கிப் பரபரப்புக் கிளப்புகிறார்கள் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவே இல்லை. கையில் இருந்ததை வைத்து நியாயமாகப் பங்கிட நினைத்தவர்கள் அவர்கள்.

அந்த மார்ச்சில் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்க நாகர்கோவில் செட்டிகுளம் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். பவர் கட் தாங்க முடியாமல் மாவட்டமே இன்வெர்ட்டர் தேடிக்கொண்டிருந்த காலம். கடைக்கார அண்ணாச்சி நீள நோட்டு ஒன்றை எடுத்து என் பெயரை எழுதினார். பக்கம் பக்கமாகப் பெயர்.

"இவ்வளவு பேரா அண்ணாச்சி? எனக்கு எப்பம் கிடைக்கும்?"

"பாதி பேரு வரமாட்டாவ சார். மூணு கடையில பேரு குடுத்துட்டு, எங்க முதல்ல வருதோ அங்க வாங்கிட்டுப் போயிருவாவ. இந்த நோட்ட நம்பி நான் நூறு பேட்டரி எறக்குனா, அம்பது என் தலையிலதான் கெடக்கும். அதனால நானும் பாத்துத்தான் எறக்குவேன். அப்பம் தட்டுப்பாடு கூடும். கூடுனா இன்னும் நாலு கடையில எழுதிப் போடுவாவ."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பேச்சே மனதில் ஓடியது. நானும் இரண்டு கடையில் பெயர் எழுதிப் போட்டவன்தானே. இங்கிலாந்தில் இருக்கிற அந்தப் பட்டியலில் என்னைப் போல எத்தனை இரட்டைப் பெயரோ? செய்கிறவனுக்கு உண்மையான எண்ணிக்கை தெரியாமல் போவது இப்படித்தான். நிஜமாக வேண்டும் என்று நிற்கிறவன் நிழல்களுக்குப் பின்னால் நிற்கிறான்.

அடுத்த நாள் வகுப்பில் விஷயத்தைச் சொன்னபோது ஒரு பையன் எழுந்தான். "சார், நாங்க முப்பத்திரண்டு பேரும் பேரு குடுத்தா ஒண்ணாவது விழும்லா?" எல்லோருக்கும் உற்சாகம். உண்மையிலேயே விழும். எனக்கும் ஒரு நிமிடம் சபலம் தட்டியது. ஆனால் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்து இட்லி இருக்கிறது, பசித்தவர் இருபது பேர். ஒவ்வொருவரும் பயந்து மூன்று பேருக்குச் சொல்லி வைத்தால் அடுப்படியில் கேட்கும் எண்ணிக்கை அறுபது. இட்லி பத்துதான். அறுபதைக் கேட்டுச் சமைக்கிறவர் மிரண்டுபோவார், அல்லது அறுபதும் சுட்டுவிட்டு நாற்பதைக் கொட்டுவார். பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்களா என்று தெரியாது, யாரும் பெயர் கொடுக்கவில்லை.

மார்ச் 8 வாக்கில் அடுத்த இடி. தொழிற்சாலையில் நெட்வொர்க் கேபிள் செருகும் ஜாக்கைத் தப்பாக வைத்துவிட்டார்கள். உள்ளே காந்தச் சுருள் உள்ள ஜாக் வேண்டிய இடத்தில் அது இல்லாத சாதா ஜாக். பார்க்க இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். எல்லாவற்றையும் கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. அது முடிந்ததும் ஐரோப்பாவில் விற்கத் தேவையான சிஇ முத்திரைக்கான சோதனை. முத்திரை இல்லாமல் அனுப்ப மாட்டோம் என்று விநியோகஸ்தர்கள் நின்றுகொண்டார்கள். முதல் பலகைகள் ஆட்கள் கைக்குப் போகத் தொடங்கியது ஏப்ரல் நடுவில்.

இதற்கிடையில் ஏலத் தளங்களில் பல மடங்கு விலைக்குப் பலகை வரத் தொடங்கியது. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு மாணவனின் சித்தப்பா, அங்கே ஒருவரிடம் இருக்கிறது, ஏழாயிரத்துச் சொச்சம் கேட்கிறார், வாங்கி அனுப்பட்டுமா என்று நல்ல மனதோடு கேட்டார். வேண்டாம் என்றேன். பணம் மட்டும் காரணம் இல்லை. 35 டாலருக்குப் பிள்ளைகள் கையில் கம்ப்யூட்டர் என்று சொல்லிச் செய்த பொருளை ஏழாயிரத்துக்கு வாங்கி வகுப்பில் வைத்தால், நான் என்ன சொல்லிக் கொடுக்கிறேன்?

ஜூன் 19-ம் தேதி மின்னஞ்சல் வந்தது. உங்கள் முறை வந்துவிட்டது, இந்த லிங்கில் ஆர்டர் செய்யலாம். ராத்திரி பத்து மணி. என் டெபிட் கார்டில் பணம் போகவில்லை. நாகர்கோவிலில் இருக்கும் மைத்துனரை எழுப்பி அவர் கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்டேன். "அத்தான், இந்த நேரத்துல அப்படி என்ன சாதனம் வாங்குதிய?" என்றவர், கேள்வியோடு எண்ணையும் சொல்லிவிட்டார். ரூபாய் சரிந்து டாலர் 56-ஐத் தாண்டியிருந்தது. பிப்ரவரியில் 1,700 சொச்சமாக இருந்த அதே 35 டாலர், காத்திருந்த நான்கு மாதத்தில் 1,960. விலையை அவர்கள் ஒரு சென்ட் கூட ஏற்றவில்லை, வரிசையில் நின்றதற்கே நமக்கு 250 ரூபாய்.

ஆர்டர் உறுதியான அன்றைக்கே இன்னொரு நிறுவனத்துக்கு எழுதி என் பெயரை எடுக்கச் சொன்னேன். யாரோ ஒருவர் ஓர் இடம் முன்னே போகட்டும்.

மூன்று வாரம் என்றார்கள், அது ஏழெட்டு வாரமாக நீண்டது. ஜூலை 16 அன்று, ஒரு நாளைக்கு 4,000 பலகை செய்கிறோம், ஒருவருக்கு ஒன்று என்ற கட்டுப்பாடு இனி இல்லை என்று அறிவிப்பு வந்தது. அன்றுதான் எனக்குத் தெம்பு வந்தது. இனி யாரும் நிழல் பெயர் எழுத மாட்டார்கள் அல்லவா.

ஆகஸ்ட் 13, திங்கட்கிழமை, மார்த்தாண்டத்திலிருந்து கூரியர்காரரின் போன். அதற்கு முன் அடையாளச் சான்று அனுப்பு, அதை மறுபடி அனுப்பு, சுங்கம் கட்டு என்று ஒரு வாரம் அலைச்சல். நானும் நாளுக்கு இரண்டு தடவை அவர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் சேர்ந்து 2,900-ஐத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து எதையாவது வரவழைக்கிறவர்கள் அறிவித்த விலையோடு இதையும் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பலகையை இணைக்க எச்டிஎம்ஐ துளை உள்ள புது டிவி பள்ளியில் ஏது? பலகையில் பழைய டிவிக்கான மஞ்சள் நிற ஆர்சிஏ துளையும் இருந்தது. ஒரு மாணவி வீட்டிலிருந்து அரசு கொடுத்த பழைய 14 இஞ்ச் கலர் டிவியைப் பெட்ஷீட்டில் சுற்றி, அவள் அண்ணன் பைக்கில் கொண்டுவந்து தந்தான். செல்போன் சார்ஜரைச் செருகினோம். சிவப்பு விளக்கு எரிந்தது, பக்கத்தில் பச்சை எரியவில்லை. பச்சை எரியாவிட்டால் கார்டைப் படிக்கவில்லை என்று அர்த்தம். கார்டைக் கழற்றித் துடைத்துப் போட்டதும் மினுக் மினுக்கென்று துடித்தது. திரையில் படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில், மேலும் கீழும் ஓடிக்கொண்டு. டிவி கெட்டுவிட்டது என்று அந்த மாணவிக்கு முகம் வாடிவிட்டது. டிவியில் குறை இல்லை. பலகை அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் படம் அனுப்பியது, நம் டிவிக்கு பால் (PAL) என்ற முறை வேண்டும். கார்டை லேப் கம்ப்யூட்டரில் போட்டு, செட்டிங்ஸ் கோப்பில் டிவி முறைக்கான எண்ணை 2 என்று மாற்றினோம். மறுபடி செருகியபோது இடது மூலையில் ஒரு சிவப்புப் பழம் அசையாமல் நின்றது. அதன் கீழே வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. பிள்ளைகள் கைதட்டியதில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார்.

கீபோர்டைச் செருகியதும் பலகை அணைந்து மறுபடி தொடங்கியது. சார்ஜர் 500 மில்லி ஆம்பியர், பலகைக்கு 700 வேண்டும். இன்னொரு மாணவன் வீட்டு சாம்சங் சார்ஜர் சரியாக இருந்தது.

அக்டோபர் 15 அன்று அதே 35 டாலருக்கு 512 எம்பி ரேம் என்று அறிவித்தார்கள். "சார், நாம அவசரப்பட்டுட்டோமோ?" என்று அந்த மாணவி கேட்டாள். அவள் எழுதிய நிரலில் அன்றைக்கு மூன்று எல்இடி வரிசையாக எரிந்து அணைந்துகொண்டிருந்தன. அதைக் காட்டி, இல்லை மக்களே என்றேன்.

நவம்பர் கடைசியில் முப்பத்திரண்டு பேரும் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டார்கள். இரண்டாவது பலகைக்கு ஆர்டர் கொடுத்தோம். பன்னிரண்டாம் நாள் அதே கூரியர்காரர் கையெழுத்து வாங்கப் பள்ளிக்கே வந்தார். "சார், இது அன்னைக்கு வந்ததுதானே? இந்தத் தடவ நீங்க ஒரு போன் கூட பண்ணலியே?"

அதற்குள் வந்துவிட்டதே, எதற்குப் போன் பண்ண வேண்டும்?