நாலா, ஒன்பதா?

அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. தடுப்பூசிப் புத்தகத்தின் ஒரு பக்கம். வலது மூலையை மிலோ என்ற நாய் குட்டியாக இருந்தபோது மென்றிருக்கிறது. நடுவில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், பக்கத்தில் நீல மையில் தேதி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பிப்ரவரி 4. சுருக்கினால் 9. அந்த டாக்டர் நாலின் தலையை மூடி எழுதுகிறவர்.

வீட்டுப் பிராணிகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் ஆப்பீசில் எனக்கு வேலை. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மிலோவின் சொந்தக்காரப் பெண்ணிடமிருந்து அது வாட்ஸ்அப்பில் வந்தது. நான் வேறு இரண்டு பூனைகளுக்கான படிவங்களைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன். "எல்லாம் ஓகே மா" என்று பதில் போட்டேன். அந்த மூன்று வார்த்தையைப் பற்றி எழுதுவதாக நினைத்துத்தான் இதைத் தொடங்கினேன். ஆனால் உண்மையில் உறுத்துவது இரண்டு மாதம் கழித்து நான் சொன்ன இன்னொரு வாக்கியம்.

பிரிட்டனுக்கு நாய் அனுப்புவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு தேதி. மைக்ரோசிப் போட்ட நாள், ரேபிஸ் ஊசி போட்ட நாள். சிப் முந்தி, ஊசி பிந்தி. இரண்டும் ஒரே நாளில் என்றாலும் சரி. தலைகீழாக இருந்தால் அந்த ஊசி கணக்கில் வராது. சிப் இல்லாத நேரத்தில் போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டது என்று யார் சொல்வது? தோலுக்கடியில் இருக்கும் அந்தச் சிப்பின் 15 இலக்க எண்தான் சாட்சி. சாட்சி வருவதற்கு முன்பு நடந்தது நடக்காத மாதிரிதான். மறுபடி ஊசி போட்டு, போட்ட நாளை விட்டுவிட்டு 21 நாள் எண்ண வேண்டும். ஆப்பீசுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

மிலோவுக்குச் சிப் போட்டது பிப்ரவரி 6. ஊசி போடப் போன அன்று கிளினிக்கில் சிப் தீர்ந்திருந்ததாம். நாளன்னிக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

விமானத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அந்தப் பெண்ணும் அவருடைய அப்பாவும் மிலோவைக் கூட்டிக்கொண்டு ஆப்பீசுக்கு வந்தார்கள். அன்று காலையில்தான் நிப்பா வைரஸ் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்திருந்தார்கள். முன்னங்காலில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரியை மிலோ நக்கிக்கொண்டே இருந்தது. தீபகற்ப மலேசியாவிலிருந்து போகும் நாய், பூனைக்கு மட்டும் பிரிட்டன் இதைக் கேட்கிறது. கிளம்புவதற்கு முந்தைய 10 நாளுக்குள் ரத்தப் பரிசோதனை, 60 நாளாகப் பன்றிகளோடு தொடர்பு இல்லை என்று சான்று. சபாவுக்கும் சரவாக்குக்கும் இது கிடையாது. பன்றி என்றதும் எல்லாரும் சிரிப்பார்கள். கொண்டோவில் வளரும் நாய்க்குப் பன்றி எங்கே கிடைக்கும் என்பார்கள். நான் சிரம்பான்காரன். 1998, 99-இல் பன்றிகளிடமிருந்து பரவிய நிப்பாவில், எங்கள் பக்கத்துச் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் உட்பட நாட்டில் நூறு பேருக்கு மேல் செத்ததும், சுமார் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றதும் எனக்குச் சிரிக்கிற விஷயமில்லை. சரி, அது வேறு கதை.

"புத்தகத்தைக் கொடுங்கமா, போட்டோஸ்டேட் எடுத்துக்கிறேன்" என்றேன். அசலை அப்போதுதான் முதல் தடவையாகக் கையில் வாங்குகிறேன். காகிதத்தில் பேனா அழுத்திய தடம் பின்பக்கம் வரை தெரிந்தது. தாளைத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தேன். நாலுதான். கிளினிக்குக்குப் போன் போட்டேன். ரசீதிலும் நாலாம் தேதிதான் இருக்கிறது என்றார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் மகளுக்கு முதலில் புரியவில்லை. "ஊசி போட்டாச்சுதானேண்ணே? ரெண்டு நாள் முன்னே பின்னே, அதுல என்ன?" பிறகு 21 நாள் என்றதும் முகம் மாறிவிட்டது. பிரிட்டனில் ஒரு மருத்துவமனையில் அவருக்கு நர்ஸ் வேலை. சேர வேண்டிய தேதியை ஏற்கெனவே ஒரு முறை தள்ளி வாங்கியிருந்தார்.

அப்பா அதுவரை பேசவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஏற்கெனவே ஒம்பது மாதிரிதான தம்பி இருக்கு. ஒரு சுழி. அவ்வளவுதான்."

மேசையில் என் பேனா கிடந்தது. அதுவும் நீலம்.

நான் மறுத்தேன். கோபமில்லாமல், மரியாதையாக, விளக்கமாக. "ஐயா, கிளினிக் ரெஜிஸ்டர்ல நாலாம் தேதி இருக்கு. இங்க கால்நடைத் துறை டாக்டர் பார்த்துக் கையெழுத்து வைக்கணும். ஹீத்ரோவுல மறுபடி ஒவ்வொரு தாளாப் பார்ப்பாங்க. மாட்டினா நாயைப் பிடிச்சு வச்சுக்குவாங்க, இல்ல திருப்பி அனுப்புவாங்க. செலவு பூரா உங்க தலையில. 2015-ல பினாங்கு, கெடா, பெர்லிஸ்ல ரேபிஸ் வந்து நாய்ங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதா?" இப்படியே போனது. நன்றாகத்தான் பேசினேன். சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பக்கத்து மேசைப் பெண்கூடத் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

அப்போதுதான் மகள், தலை குனிந்தபடி மிலோவின் காதைத் தடவிக்கொண்டே, "இதை முன்னாடியே பார்த்திருக்கலாமேண்ணே" என்றார்.

பார்த்திருக்கலாம். யார்? நானா, அவரா, கிளினிக்கா? நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆள் தேவையில்லை. "பார்த்திருக்கலாமே நீங்க" என்று ஒரு சொல் கூடப் போட்டிருந்தால் ஒருவேளை மாட்டிக்கொண்டிருப்பேன். ஒப்புக்கொண்டிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. தெரியவில்லை. அவர் போடவில்லை. குற்றம் சாட்டும் குரலாகவும் அது இல்லை, பெருமூச்சு மாதிரி இருந்தது.

நான் சொன்னேன்: "அசல் புத்தகம் கையில வந்தாத்தானமா தெரியும்."

உடனே அவர், "ஆமாண்ணே, என் தப்புதான். நைட் டியூட்டின்னு இழுத்துட்டேன். அப்பவே கொண்டாந்திருக்கணும்" என்றார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஊசிக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்று பேச்சை மாற்றினேன்.

இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். நான் சொன்னது பொய்யா? கைப்பேசித் திரையில் அது 9 மாதிரித்தான் தெரிந்தது. அசலில்தான் 4 என்று உறுதியானது. ஆனால் மார்ச்சில் நான் அந்தத் தேதியைப் பார்த்து 9 என்று படித்தேனா, அல்லது ஸ்டிக்கர் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது என்று கண்ணை ஓட்டிவிட்டு ஓகே போட்டேனா? சத்தியமாக ஞாபகமில்லை. 9 என்று படித்திருந்தால் அது தவறான வாசிப்பு. படிக்கவே இல்லையென்றால் அது வேறு. இத்தனை மாதமாகப் படத்தைப் பெரிதாக்கியும் சுருக்கியும் பார்ப்பது அன்றைக்கு என் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று கண்டுபிடிக்கத்தான். ஒரு நாள் 9 என்று தோன்றும், நிம்மதியாகத் தூங்குவேன். மறுநாள் நாலின் கொம்பு நன்றாகத் தெரியும்.

எங்கள் ஒப்பந்தத்தில், ஆவணங்கள் சரியாக இருப்பது உரிமையாளர் பொறுப்பு என்று சின்ன எழுத்தில் ஒரு வரி உண்டு. அது எத்தனையாவது வரி என்பதுகூட எனக்குத் தெரியும். இப்படி ஒரு வரி இருக்கும்போது எதற்காக எங்களிடம் வந்து காசு கட்டுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

மார்ச்சில் சொல்லியிருந்தால் மறுநாளே ஒரு ஊசி, முடிந்திருக்கும். மே மாதம் கணக்கே வேறு. உரிமையாளர் போகும் நாளுக்கு 5 நாள் முன்னோ பின்னோ நாயும் போய்விட்டால்தான் அது வீட்டுப் பிராணி. அதைத் தாண்டினால் வணிக இறக்குமதி விதியில் போய் விழும். வேறு சான்றிதழ், புறப்படும்முன் தனியாக ஒரு பரிசோதனை, கட்டணமும் வேறு. மிலோவை யாரும் விற்கவில்லை, வாங்கவில்லை. ஆனாலும் பதினாறு நாள் பிந்திப் போனதால் காகிதத்தில் அது வியாபாரச் சரக்கு. காலையில் எடுத்த ரத்தம் வீண், கடைசி வாரம் மறுபடி எடுத்தோம். நாடாப்புழு மருந்தையும் புதுத் தேதிக்கு மாற்றினோம். அது போய்ச் சேருவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னும் 120 மணி நேரத்துக்குள்ளும் கொடுக்க வேண்டியது.

இந்த இடைவெளியில் மிலோ அப்பாவோடு இருந்தது. பெட்டி அளவெடுக்க நான் ஒரு தடவை வீட்டுக்குப் போனேன். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், அதோடு முன்னங்கால் முட்டி உயரத்தில் பாதி. காது நுனி இடிக்காத உயரம். நின்று, திரும்பி, நீட்டிப் படுக்க முடிய வேண்டும். பெட்டியைக் கதவு திறந்தபடி கூடத்தில் போட்டு வைக்கச் சொன்னேன். ஐயா ஒரு படி மேலே போய் மூன்று வேளைச் சாப்பாட்டையும் அதற்குள்ளேயே வைத்தார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது, மேலே போகும்போது மூச்சுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆபத்து என்றேன். அப்புறம், பாலில்லாத தே ஓ கொண்டு வந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வகையில நல்லதாப் போச்சு தம்பி. இன்னும் மூணு வாரம் எங்கூட இருக்குமில்ல."

அந்த வாக்கியத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ராத்திரி அந்த நாலு வந்து நிற்கும்போது இதை எடுத்து எதிரே நிறுத்துகிறேன். என் கவனக்குறைவால் ஒரு வயதானவருக்கு மூன்று வாரம் கிடைத்தது. கேட்பதற்கே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சில நாள் அது வேலை செய்கிறது.

பில் போடும்போது முதலாளியிடம் போய், இரண்டாவது ரத்தப் பரிசோதனையின் கட்டணத்தையும் எங்கள் சேவைக் கட்டணத்தில் பாதியையும் கழித்துவிடலாமா என்று கேட்டேன். "ஏன்?" என்றார். "நர்ஸ், பாவம்" என்றேன். அவர் தலையாட்டினார். அங்கேயும் சொல்லவில்லை பாருங்கள். பில்லில் சலுகை என்று போட்டேன். மகள் பிரிட்டனிலிருந்து குரல் செய்தி அனுப்பினார்: "நீங்க ரொம்ப நல்லவங்கண்ணே. வேற ஆளா இருந்தா அந்தச் சுழியைப் போட்டுட்டு அனுப்பிச்சிருப்பாங்க." அதைக் கடைசி வரை கேட்டுவிட்டு இரண்டு கைகூப்பும் படம் அனுப்பினேன்.

சுழி போட மறுத்தது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இல்லை, கொஞ்சம் இருக்கிறது. அந்தச் சுழி என் மார்ச் மாதத் தவற்றையும் சேர்த்து மறைத்திருக்கும். அதனால்தான் பேனாவைத் தொடப் பயந்தேனோ என்னவோ. தொட்டிருந்தால் எதை மறைக்கிறேன் என்று எனக்கே தெரிந்திருக்கும். தொடாமல் உட்கார்ந்து சட்டம் பேசியபோது அது தெரியவில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் புது எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. அதே மருத்துவமனைக்குப் போகும் இன்னொரு நர்ஸ். பூனையாம். "அக்காதான் உங்க நம்பர் கொடுத்தாங்க. நீங்க ஒவ்வொரு தேதியையும் உன்னிப்பாப் பார்ப்பீங்கன்னு சொன்னாங்க" என்று எழுதி, கீழே தடுப்பூசிப் புத்தகத்தின் படம். தெளிவான படம். அச்சிட்ட மாதிரி தேதிகள். சிப் முந்தி, ஊசி பிந்தி.

ஆறு தடவை பார்த்தேன். பிறகு, "அசலை இந்த வாரமே ஒருமுறை கொண்டு வந்து காட்டிட்டுப் போங்கமா" என்று பதில் போட்டேன். ஏன்ண்ணே, படம் தெளிவா இல்லையா என்று கேட்டது அந்தப் பிள்ளை. எங்கள் நடைமுறை அப்படி என்றேன்.