அரைப் பேரும் முழுப் பேரும்: ஓர் உதவித்தொகை பேரவை வரை போன கதை

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீடு எங்களுடையது, வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று. அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா சில்லறை வேலை. 2023இல் நான் கம்பஸில் இரண்டாம் வருடம். அரசாங்க உதவித்தொகைகளான மகாபொலவும் கிடைக்கவில்லை, பர்சரியும் கிடைக்கவில்லை. மிச்சமிருந்தது, பழைய மாணவர்கள் கொடுத்த பணத்தில் பல்கலைக்கழகமே நடத்தும் ஒரு உதவித்தொகை மட்டும்தான். அதற்கும் விண்ணப்பித்தேன். குடும்பத்தின் வருட வருமானம் 6 லட்சம், வரம்பைத் தாண்டுகிறது என்று பதில் வந்தது.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கவே ஒரு கிழமை ஆனது. 2021 மார்ச்சிலிருந்து அப்போது வரை நாள் சம்பளம் 1,000 ரூபாய். வருமானச் சான்றிதழில் மாதம் 25 நாள், வருடம் 12 மாதம், இரண்டு பேர் என்று பெருக்கியிருந்தார்கள். தோட்டத்தில் யாருக்கும் அப்படி வேலை கிடைப்பதில்லை. வெயில் காலத்தில் கொழுந்து குறைந்தால் வேலை நாளும் குறையும். சொன்ன கிலோ வராத நாளில் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் வேலை என்றுதான் போடுவார்கள், சம்பளமும் பாதிதான். இதெல்லாம் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். சான்றிதழ் எழுதியவருக்குத் தெரியவில்லை.

அப்பாவோடு தோட்ட ஆபீசுக்குப் போனேன். வேலை நாளும் சம்பளமும் பதியும் செக்ரோலைப் பார்த்து ஒரு வருடக் கணக்கை எடுத்துத் தரும்படி கேட்டோம். பெரிய கிளாக்கர் முதலில் தயங்கினார், அப்புறம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்கு 183 முழுப் பேர், 41 அரைப் பேர். அப்பாவுக்கு 168 முழுப் பேர். மொத்தம் 3,71,500 ரூபாய். அதிலும் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு போகும், சங்கச் சந்தா போகும், கடன் போகும். தோட்டத்து மனேஜரான துரையின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு கம்பஸுக்குப் போனேன்.

நலன்புரிப் பிரிவில் இருந்த மிஸ் கடதாசியைப் பொறுமையாக வாசித்தார். "தங்கச்சி, நீங்க சொல்றது சரி. ஆனா விதியில வருமானச் சான்றிதழ் மட்டும்தான் இருக்கு. செக்ரோலை ஏத்துக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். இதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் கையில் எதுவும் இல்லை என்பது உண்மை.

இங்கேதான் நான் இரண்டு மாதத்தை வீணாக்கினேன். துணைவேந்தருக்கு ஒரு கடிதம், மூதவைக்கு (செனட்) ஒரு கடிதம் என்று தனித்தனியாக அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. எங்கள் துறைத் தலைவர் சேர்தான் விளக்கினார். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி படிப்பும் பரீட்சையும் மூதவையின் பொறுப்பு. பணம், சொத்து, நிர்வாகம் பேரவையின் (கவுன்சில்) பொறுப்பு. பேரவையில் துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவையிலிருந்து இரண்டு பேர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியாட்கள் இருப்பார்கள். மாணவர்கள் இல்லை. ஆனால் பீடச் சபையில் மாணவர் பிரதிநிதிகள் இரண்டு பேர் உண்டு. வாசல் அதுதான் என்றார். அந்த நேரம் எங்கள் துறையின் புதிய சிறப்புப் பட்டப் படிப்புக்கான திட்டமும் பீடச் சபை, மூதவை, பேரவை, பிறகு ஆணைக்குழு என்று ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. அதனால் அவருக்கு வழி நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் எழுதிக் கொண்டுபோன மூன்று பக்கக் கடிதத்தை அவர் திருப்பித் தந்தார். "பிள்ளை, கஷ்டத்தைக் கடைசியில எழுதுங்க. விதியில எந்த வரியை எப்படி மாத்தணும்னு முதல்ல எழுதுங்க." அப்படியே ஒரு பக்கத்தில் எழுதினேன். நாள் கூலியில் வாழும் தோட்டக் குடும்பங்களுக்கு, சான்றிதழோடு தோட்ட ஆபீஸ் உறுதிப்படுத்திய செக்ரோல் கணக்கையும் ஏற்க வேண்டும் என்ற ஒரே வாக்கியம்தான் கோரிக்கை. என்னைப்போல நிராகரிக்கப்பட்ட இன்னும் நான்கு பிள்ளைகளின் கணக்குகளை இணைத்தோம். தனி ஒருத்தியின் மனுவாக இல்லாமல் அது ஒரு பிரச்சினையாகத் தெரிந்தது அந்த நான்கு பேரால்தான்.

பீடச் சபையில் எங்கள் பிரதிநிதி பேசினார், ஒரே கூட்டத்தில் முடிந்தது. மூதவையும் பரிந்துரைத்தது. எங்கள் பேரவை மாதம் ஒருமுறைதான் கூடும், முதல் மாதம் நேரம் போதாமல் ஒத்திப்போட்டார்கள். அடுத்த மாதம் ஏற்றுக்கொண்டார்கள். அதோடு பணம் வந்துவிடாது, அந்தக் கூட்டத்தின் அறிக்கை அடுத்த கூட்டத்தில் உறுதிசெய்யப்பட்ட பிறகுதான் கடிதம் வந்தது. அந்தக் கடிதமும் தோட்ட ஆபீசுக்கு வந்து ஆறு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தது. அம்மா மலையிலிருந்து வந்து, கூடையை இறக்காமலே, "என்னடி போட்டிருக்கு?" என்றார். வாசித்துக் காட்டினேன். 183ஐயும் 41ஐயும் யார் எண்ணினார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இப்போது விண்ணப்பப் படிவத்திலேயே அந்த வரி இருக்கிறது. இந்த வருடம் போடப்போகும் தம்பி தங்கச்சிகள் செக்ரோல் கணக்கை முன்கூட்டியே கேளுங்கள். பத்தாம் திகதிச் சம்பளம் முடிந்த பிறகு போங்கள், அதற்கு முன்னால் கிளாக்கருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அரைப் பேரைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.