ஊரே முதலாளி

வடமேற்கு வேல்ஸில் லித்வைன் என்றொரு சின்னக் குவாரி ஊர். அங்குள்ள ‘தவர்ன் அ வீக்’ பப்பை ஊர்க்காரர்களே பணம் போட்டு வாங்கி 1988-இல் நடத்தத் தொடங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், சொந்த பப்தான், ஆனால் அப்போது ஞாயிற்றுக்கிழமை பூட்டு! வேல்ஸில் ஞாயிறன்று பப்களை மூடச் சொன்ன 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மிச்சம் அது. 1961-இலிருந்து வட்டாரவாரியாக வாக்கெடுத்து ஒவ்வொருவராகத் தடையைத் தளர்த்த, இவர்களுடைய டுவைவோர் வட்டாரம் மட்டும் 1996 வரை பிடிவாதமாக நின்றது. கடைசி ஆள். சேப்பல் (புராட்டஸ்டன்ட் வழிபாட்டுக்கூடம்) பக்தி அப்படி.

கீழே பள்ளத்தாக்கில், குவாரி மூடியபின் ஆளில்லாமல் கிடந்த நாந்த் குர்தெய்ர்ன் குடியிருப்பு இப்போது வெல்ஷ் மொழிப் பயிற்சி மையம். அங்கே படிப்பவர்கள் பேசிப் பழக வேண்டுமா? செங்குத்தான ரோட்டில் மூச்சிரைக்க மேலே ஏறினால் சரி, பப் இருக்கிறது.