மரநாயின் முகம் ஒருவழியாகக் கிடைத்தது: வேலியோரக் கேமராவும் கோணமும்

நேற்று ராத்திரி மரநாய் முழுதாகப் பதிவாகிவிட்டது. இதுவரை வந்ததெல்லாம் வால், இல்லையென்றால் பின்னங்கால். நேற்று கண்ணைச் சுற்றிய கறுப்புத் திட்டு, ஈர மூக்கு, மீசை எல்லாம் தெரிய, வேலியோரத் தடத்தில் நடந்து வந்து, நின்று, காற்றை மோந்து பார்த்துவிட்டுப் போகிறது. பின்னாலேயே ஒரு குட்டியும் ஓடுகிறது. குட்டி இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. காலையிலிருந்து அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிராமப்புறத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து, கூரைமேல் ஓடுவது என்ன பிராணி என்ற கேள்வி இருந்தது. எலிக்கு அந்தக் கனம் கிடையாது. மதில்மேல் கிடந்த எச்சத்தில் பழக்கொட்டைகள் முழுசாகக் கிடந்தன. பூனையின் எச்சம் அப்படி இருக்காது. கீரி பகலில் திரிவது, நடுராத்திரியில் வராது. மரநாய், புனுகுப் பூனை இரண்டில் ஒன்றுதான் என்று ஆனபோது வால் படங்கள் கைகொடுத்தன. புனுகுப் பூனையின் வாலில் வளையம் வளையமாகப் பட்டை இருக்கும், உடம்பில் புள்ளி வரிசை ஓடும். இந்த வால் நீளமாக, வளையமே இல்லாமல், ஒரே கருமையாக இருந்தது. ஆக, பெயர் முன்பே தெரிந்துவிட்டது. முகம்தான் கிடைக்கவில்லை.

கார்டு போடுவது, தேதி வைப்பது எல்லாம் கேமரா டிராப் (பிராணி கடக்கும்போது தானே படம் எடுக்கும் கேமரா) வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேராகக் கோணத்துக்கு வருகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் பாதிக்கு மேல் கோணம்தான் என்பது என் கட்சி. மெகாபிக்சலைப் பற்றிப் பேசும் நேரத்தில் ஆணியைக் கொஞ்சம் திருப்பி அடித்திருக்கலாம்.

கேமராவில் இருக்கும் பிஐஆர் சென்சார் உருவத்தைப் பார்ப்பதில்லை. பின்னணிக்கும் உடம்புக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் இடம் மாறுவதைத்தான் அது உணர்கிறது. முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் லென்ஸ் பார்வைப் பரப்பைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. சூடான ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போதுதான் டிரிக்கர் விழும், அதாவது கேமரா படம் எடுக்கத் தொடங்கும். அதனால் குறுக்கே நடக்கும் பிராணியைச் சட்டென்று பிடிக்கும். கேமராவை நோக்கி நேராக வரும் பிராணி வெகுநேரம் ஒரே பட்டைக்குள் இருப்பதால், சென்சார் விழிப்பதற்குள் மிக அருகில் வந்து நிற்கும்.

அப்படியானால் தடத்துக்குக் குறுக்காகப் பார்த்து வைப்பதுதானே சரி? அங்கேதான் வால் வருகிறது. என் கேமராவின் பார்வை சுமார் 50 பாகை. தடம் 2 மீட்டர் தள்ளி இருந்தால், படத்துக்குள் அகப்படும் தடத்தின் நீளம் 2 மீட்டர்கூட இல்லை. மரநாய் சாவகாசமாக நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தாலும் இரண்டு நொடிக்குள் வெளியே போய்விடும். சென்சார் விழித்து, வீடியோ ஓட ஆரம்பிக்க ஒரு நொடி போனால் மிச்சம் என்ன? வால்தான். புகைப்படத்தைவிட வீடியோ தாமதமாகவே தொடங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4 மீட்டர் தள்ளி வைத்தால் அகப்படும் நீளம் இரட்டிப்பாகிறது, 3.7 மீட்டர். அப்புறம் படத்தின் நடுவில் விழும் தடம் அதே 4 மீட்டரில் இருக்கும்படி கேமராவைத் தடத்துக்கு 45 பாகை சாய்வாக வைத்தால் ஏறக்குறைய 6.7 மீட்டர் தடம் படத்துக்குள் வருகிறது. காகிதத்தில் வரைந்து பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, கயிறு போட்டு அளந்தேன். கணக்கு சரி. பிராணி பட்டைகளையும் தாண்டுகிறது, நம்மை நோக்கியும் வருகிறது. தூரத்து முனையில் உருவம் சிறிதாக, இருட்டாகத்தான் தெரியும். ஆனால் நடந்து கிட்டே வரவர முகம் தெளிகிறது, நமக்கு அதுதானே வேண்டும்.

எந்தப் பக்கம் சாய்ப்பது? இதற்கும் பழைய வால் படங்களே பதில் சொல்லின. முன்னிரவுப் படங்களில் வால் எப்போதும் இடது ஓரத்தில் மறைகிறது, விடியலுக்கு முந்தைய படங்களில் வலது ஓரத்தில். அதாவது இரை தேடப் போவது வலமிருந்து இடம், திரும்புவது இடமிருந்து வலம். போகிற நேரம் ஒழுங்காக இருக்கிறது, திரும்புகிற நேரம் முன்பின்னாக மாறுகிறது. அதனால் கேமராவை வலப்பக்கம் பார்க்கத் திருப்பினேன். திரும்பி வரும்போது இன்னமும் முதுகுதான் விழுகிறது, அதற்கு இரண்டாவது கேமரா வேண்டும்.

உயரமும் முக்கியம். மனிதன் கண்மட்டத்தில் கட்டினால் கிடைப்பது முதுகுப் படம். மரநாய்க்குத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் போதும். ஆனால் தரை சரிவாக இருந்தால் கேமராவும் அதே சரிவில் இருக்க வேண்டும். தேய்ந்த குச்சி ஒன்றைப் பின்னால் சொருகிச் சரிசெய்தேன். சோதனை முறையில் போட்டுவிட்டு, தடத்தில் கைகால் ஊன்றித் தவழ்ந்து பார்த்து, சிவப்பு விளக்கு எங்கே மினுங்குகிறது என்று கல் வைத்து அடையாளம் செய்வது நல்ல வழி. நின்று நடந்து பார்த்தால் சென்சார் நம் மார்பைப் பிடித்துவிடும், சோதனை பொய்யாகும்.

பகல் தொல்லை வேறு. வெயிலில் சூடான புல் காற்றில் ஆடினாலே டிரிக்கர், கார்டு முழுக்க வெறும் புல். முன்னால் இருக்கும் புல் தாள்களை அரிந்துவிட்டேன். கிழக்கு, மேற்கு பார்த்து வைத்தால் காலை மாலை வெயில் நேராக லென்ஸில் விழும், வடக்கோ தெற்கோ பார்த்த இடம் நல்லது. உச்சிவெயிலில் தரையும் உடம்பும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால் கீரி கண்ணெதிரே போனாலும் சென்சாருக்குத் தெரியாமல் போகலாம். உடும்பு, பாம்பு வகையறாக்களை இந்தக் கேமராவிடம் எதிர்பார்க்கவே வேண்டாம். அவற்றின் உடல் சூடு சுற்றுப்புறத்தையே ஒட்டியிருக்கும். கொல்லையில் உடும்பு இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கேமரா இன்னும் பார்க்கவில்லை.

விளக்கு பற்றியும் ஒரு வார்த்தை. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி தூரம் வரை எட்டும், ஆனால் எரியும்போது மங்கலான சிவப்புத் தெரியும். 940 நானோமீட்டரில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, படம் சற்று இருட்டாகவும் மணல் மணலாகவும் வரும். நான் 940 பக்கம். ராத்திரியில் தன் வழியில் போகிற பிராணியைத் திடுக்கிட வைக்க எனக்கு மனம் இல்லை. அதே காரணத்தால் பழம் வைத்து இழுப்பதும் இல்லை. தானாக நடக்கிற வழியில், தானாக நடக்கிற நேரத்தில் வரும் படம்தான் எனக்கு வேண்டும். மிகக் கிட்டே வரும்போது முகம் வெளுத்துப்போனால் சில எல்இடிகளின் மேல் மங்கலான டேப் ஒட்டுங்கள், அருமையாக அடங்குகிறது.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். அல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கினாலும் போகப்போக இறங்கிக்கொண்டே வரும், ராத்திரி எல்இடி எரியும்போது திணறும். ரீசார்ஜ் செய்கிற நிக்கல் வகை 1.2 வோல்ட்தான், ஆனால் அந்த மட்டத்தில் நிலையாக நிற்கும். சில கேமராக்கள் மட்டும் அதைத் தீர்ந்த பேட்டரி என்று எண்ணி நின்றுவிடுகின்றன. வாங்கும்முன் இதை விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். மலிவுக் கேமராக்களின் பெட்டிமேல் போட்டிருக்கும் மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். பெரும்பாலும் சிறிய படச் சென்சாரின் படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கியதுதான் அது. இது கோபம் வரவேண்டிய விஷயம். டிரிக்கர் வேகத்தை எழுதுகிறார்களா என்று தேடுங்கள்.

இவ்வளவு வசதி இருந்தும் சலிப்பு வரும்போது ஜார்ஜ் ஷிராஸை நினைத்துக்கொள்கிறேன். தடத்தில் கம்பி கட்டி, அதை மிருகம் இழுத்ததும் தானே வெடித்துப் பளிச்சிடும் விளக்கோடு படம் எடுத்தவர். அவருடைய 74 படங்கள் 1906 ஜூலை நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வந்தன. ஒரு படத்தோடு அன்றைய வேலை முடிந்தது. மறுபடி எல்லாவற்றையும் கட்ட வேண்டும்.

குட்டியின் நடமாட்டத்தைத் தொடர வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குள் வேலிக்கு அடியில் புதிதாக ஒரு குழி, பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள். முள்ளம்பன்றி! அடுத்த கம்பத்தை அங்கே நடப்போகிறேன். அதன் வெள்ளை முட்கள் அகச்சிவப்பில் நிச்சயம் வெளுக்கும் என்று தோன்றுகிறது, டேப் இன்னும் கூடுதலாக ஒட்ட வேண்டியிருக்கும். குழியின் வாய் நேராகக் கேமராவைப் பார்க்கிற மாதிரி இடம்தான் கிடைக்கிறது, அதாவது சென்சாருக்குப் பிடிக்காத திசை. குழியிலிருந்து பிரியும் தடம் எங்கே வளைகிறது என்று சாம்பல் தூவி வைத்திருக்கிறேன். கால்தடம் விழுந்ததும் கோணத்தை முடிவு செய்து, அந்தப் படங்களோடு எழுதுகிறேன்.